மரத்தையே திரையாக்குவது: பெங்களூரில் திறந்தவெளி வீடியோ ப்ரொஜெக்ஷன், படிப்படியாக

ஒரு மரத்தின் மேல் வீடியோவைப் பாய்ச்ச வேண்டும். அந்த மரத்தடி மண்ணின் ஈரமும் கிளையின் ஆட்டமும் அந்த வீடியோவை மாற்ற வேண்டும். இந்த வழிகாட்டி அந்த ஒரு வேலைக்கானது.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் லேப்டாப்பில்தான் தொடங்குகிறார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து வீடியோ செய்வார்கள், அப்புறம் ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுப்பார்கள், கடைசியில் மரம் தேடுவார்கள். அன்றைக்கு ராத்திரி பார்த்தால் கோடுகள் இலைகளுக்குள் தொலைந்திருக்கும், சிவப்பு கறுத்திருக்கும், பாதிப் படம் பின்னாலிருக்கும் வீட்டுச் சுவரில் விழும். மரம், அதன் மேல் ஏற்கெனவே விழும் வெளிச்சம், ப்ரொஜெக்டர் நிற்கும் இடம் ஆகிய மூன்றும் முடிவான பிறகே படத்தைத் தொட வேண்டும்.

கீழே வரும் கணக்குகள் 6 மீட்டர் அகலப் படத்துக்கும், 50 முதல் 80 பேர் வரை நின்று பார்க்கும் அபார்ட்மென்ட் தோட்டம் அல்லது கல்லூரி வளாகத்துக்கும் பொருந்தும்.

முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

5,000 முதல் 6,000 லூமன் (ப்ரொஜெக்டர் தரும் மொத்த ஒளியின் அளவு) வரையிலான லேசர் ப்ரொஜெக்டர், லென்ஸ் ஷிஃப்ட் (மெஷினைச் சாய்க்காமல் படத்தை நகர்த்தும் வசதி) உள்ளதாக. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப். 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் கேபிள் 50 மீட்டர். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பொருத்திய பிளக் போர்டு. 1 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ். இரும்புச் சாரம் ஒரு அடுக்கு, மணல் மூட்டை நான்கு. சென்சாரின் அளவை வைஃபையில் அனுப்பும் சின்ன இஎஸ்பி32 போர்டு இரண்டு (ஒன்று மாற்றுக்கு), கெபாசிட்டிவ் மண் ஈர சென்சார், எம்பியு6050 அசைவு சென்சார், ஒரு சின்ன வைஃபை ரவுட்டர். போர்டும் சென்சாரும் பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. "9,000 லூமன்" என்று எழுதி மலிவாக விற்கும் சின்ன ப்ரொஜெக்டர்களை நம்பாதீர்கள். பெட்டியில் ஆன்சி லூமன் அல்லது ஐஎஸ்ஓ லூமன் (தர விதிப்படி அளந்த எண்) என்று இருக்கிறதா பாருங்கள். கூடவே வாட் அளவையும் பாருங்கள். 60 வாட் இழுக்கும் கருவியால் 9,000 லூமன் தர முடியாது.

1. இடத்தை இரவில் பாருங்கள்

பகலில் அழகாகத் தெரியும் மரம் இரவில் வேறொன்றாக இருக்கும். நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில், அதாவது 7.30 மணி வாக்கில், குறைந்தது இரண்டு தடவை போய்ப் பாருங்கள். ஒன்று வார நாளாகவும் மற்றொன்று ஞாயிறாகவும் இருக்கட்டும். அபார்ட்மென்டில் பால்கனி விளக்குகள் எரியும் விதம் இரண்டுக்கும் மாறும்.

போனில் ஒரு லக்ஸ் மீட்டர் ஆப் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளப்பது) போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போங்கள். போனின் முகத்தை ப்ரொஜெக்டர் வைக்கப்போகும் பக்கம் திருப்பி அளந்து பாருங்கள். அளவு துல்லியமாக இருக்காது, முடிவெடுக்க அது போதும். 10 லக்ஸுக்குக் கீழ் என்றால் நல்ல இடம். 20 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் எந்த விளக்கு காரணம் என்று கண்டுபிடித்து, அதை அணைக்க முடியுமா என்று அசோசியேஷனில் கேளுங்கள். தெருவிளக்கு என்றால் வேறு மரம் பாருங்கள்.

அமாவாசை பார்த்துத் தேதி குறிக்கிறவர்கள் உண்டு. முழு நிலவின் வெளிச்சமே கால் லக்ஸ் அளவுதான். வம்பு செய்வது தெருமுனை எல்இடி விளக்கு; நிலவால் ஒன்றும் கெடாது.

மாதத்தைப் பொறுத்தவரை, பெங்களூரில் ஜனவரி, பிப்ரவரிதான் மிக வறண்ட மாதங்கள். மே மாதத்திலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலும் மாலை மழை வெளுத்து வாங்கும். ஜனவரியில் சூரியன் 6.05 முதல் 6.20க்குள் மறைகிறது. அதிலிருந்து முக்கால் மணி நேரம் கழித்தே முழு இருட்டு. நோட்டீஸில் 6.30 என்று போட்டுவிட்டு வெளுத்த வானத்துக்குக் கீழே காத்திருக்காதீர்கள்.

2. மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெங்களூர்த் தெருக்களில் அதிகம் கண்ணில் படும் தூங்குமூஞ்சி மரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதன் பெயரிலேயே விடை இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடிந்து கீழே தொங்கிவிடும். பகலில் குடைபோல் மூடியிருந்த தழை, இரவில் சல்லடையாகிவிடும். நீங்கள் அனுப்பும் வெளிச்சத்தில் பெரும்பகுதி இடைவெளி வழியாக வானத்துக்குப் போய்விடும். புளியமரமும் வாகையும் இப்படியே இலையை மூடிக்கொள்பவை. இவற்றில்தான் செய்தாக வேண்டும் என்றால் தழையை விட்டுவிட்டு, அடிமரத்தையும் தடித்த கிளைகளையும் திரையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மா, பலா, புங்கை, ஆல் போன்றவை இரவிலும் இலை மூடாதவை, அடர்த்தியானவை. புங்கை கோடையை ஒட்டி இலை உதிர்த்துத் துளிர்க்கும் என்பதால், பார்த்த நாளுக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவே ஒரு மாதத்துக்கு மேல் விடாதீர்கள். இளஞ்சிவப்புத் தபேபுயாவும் அப்படித்தான். பூக்கும் காலத்தில் இலை குறைந்து, பூங்கொத்துகள் திரையாகும். வெளிர்ப் பூவில் எல்லா நிறமும் நன்றாக எழும், ஆனால் அந்தப் பூ நிற்கும் நாட்கள் சொற்பம்.

தைலமரத்தின் வெளிறிய பட்டை அடிமரத்துக்கென்றே செய்யும் படங்களுக்கு மிகவும் பொருந்தும். மூங்கில் புதரில் செங்குத்துக் கோடுகள் அருமையாக நிற்கும். காற்று அடித்தால் அது மற்ற மரங்களைவிட அதிகமாக ஆடும்.

பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். மரத்துக்குப் பின்னால் 3 மீட்டரில் வெள்ளைச் சுவர் இருந்தால், இலைகளைத் தாண்டிப் போகும் ஒளி சுவரில் பளிச்சென்று விழுந்து மரத்தை வெறும் நிழலாக்கிவிடும். பின்னால் இருட்டான வெளியோ இன்னொரு மரமோ இருப்பது நல்லது.

கடைசியாக, டார்ச்சை மேலே அடிக்காமல் பகலில் நின்று நிதானமாகக் கூடுகளைத் தேடுங்கள். பழந்தின்னி வௌவால் தொங்கும் மரம், ஆந்தைப் பொந்து உள்ள மரம், குஞ்சு உள்ள கூடு, இவற்றை விட்டுவிடுங்கள். இயற்கையைப் பற்றிய படத்துக்காக ஒரு பறவையைக் கூட்டைவிட்டு விரட்டுவது ஏற்க முடியாத காரியம்.

3. அனுமதி

முதல் முயற்சிக்குத் தனியார் வளாகமே சரி. அசோசியேஷனிடமோ கல்லூரி நிர்வாகத்திடமோ எழுத்தில் வாங்குங்கள். கப்பன் பார்க், லால்பாக் இரண்டும் தோட்டக்கலைத் துறையின் கீழ் வருபவை. அங்கே கேட்பதென்றால் மாதக்கணக்கில் முன்னதாகவே தொடங்க வேண்டும். ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலைய அனுமதியும் வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு வரம்பு 45.

மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் தெரிந்தவர்களிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். மரத்தில் ஆணி அடிக்க மாட்டோம், கிளை வெட்ட மாட்டோம், இன்ன மணிக்கு அணைப்போம் என்ற மூன்று வரிகள் அதில் இருக்கட்டும். அதிகாரி முதலில் கேட்பது இதைத்தான்.

ஒளி எந்த வீட்டு ஜன்னல் பக்கம் போகிறதோ, அந்த வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். நிகழ்ச்சி பாதியில் நிற்பதற்கு ஒரே ஒரு புகார் போதும்.

4. வெளிச்சக் கணக்கு

ப்ரொஜெக்டரின் லூமனைப் படத்தின் பரப்பால் வகுத்தால் லக்ஸ் கிடைக்கும். 16:10 விகிதத்தில் 6 மீட்டர் அகலம் என்றால் உயரம் 3.75 மீட்டர், பரப்பு 22.5 சதுர மீட்டர். 5,000 லூமனை 22.5ஆல் வகுத்தால் சுமார் 220 லக்ஸ். மரத்தில் ஏற்கெனவே 20 லக்ஸ் இருக்கிறது என்றால், படத்தின் வெள்ளை அதன் கறுப்பைவிடச் சுமார் 12 மடங்கு பிரகாசமாக இருக்கும். 10 மடங்கு என்பது கீழ் எல்லை. அதற்குக் குறைந்தால் படம் சோகை பிடித்ததுபோல் தெரியும்.

இதே ப்ரொஜெக்டரை வைத்து 10 மீட்டர் அகலத்துக்கு ஆசைப்பட்டால் பரப்பு 62.5 சதுர மீட்டராகி, 80 லக்ஸுக்கு இறங்கிவிடும். விகிதம் 5 மடங்குதான். மரம் பெரிதாக இருக்கிறதே என்று படத்தை விரிக்காதீர்கள். ஒரு கிளைப் பகுதியை எடுத்துக்கொண்டு அதை முழுமையாக ஒளிர வையுங்கள்.

வெள்ளைச் சுவரில் ஒத்திகை பார்த்து முடிவெடுப்பது இன்னொரு தவறு. வெள்ளைச் சுவர் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். பச்சை இலை, பச்சை ஒளியிலேயே 10 முதல் 20 சதவீதம்தான் தருகிறது. சிவப்பிலும் நீலத்திலும் 5 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த இரண்டு நிறங்களையும் பச்சையம் உறிஞ்சிக்கொள்வதே காரணம். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த எண்களுக்குத் திரும்பி வருவோம்.

5. ப்ரொஜெக்டரின் தூரமும் உயரமும்

த்ரோ ரேஷியோ என்பது தூரத்தை அகலத்தால் வகுத்தது. லென்ஸ் 1.5 என்றால், 6 மீட்டர் அகலத்துக்கு 9 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சுவருக்கு இது போதும். மரத்துக்கு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மரத்துக்கு ஆழம் உண்டு.

முன்கிளைக்கும் பின்கிளைக்கும் 4 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 மீட்டரில் இருந்து வீசினால், பின்கிளையில் படம் 1.44 மடங்கு பெரிதாகிவிடும். பக்கவாட்டில் நிற்பவருக்கு உருவம் துண்டு துண்டாகச் சிதறித் தெரியும். 24 மீட்டரில் இருந்து வீசினால் அது 1.17 மடங்குதான். அதனால் இடம் இருந்தால் 4.0 அளவிலான லாங் த்ரோ லென்ஸ் கேட்டு வாங்கித் தள்ளி வையுங்கள். லென்ஸ் மாற்றக்கூடிய மாடல் வேண்டும் என்று வாடகைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஃபோகஸை முன்னால் இருக்கும் இலையில் வைக்காதீர்கள், நடுவிலும் வேண்டாம். தழையின் ஆழத்தில் முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு உள்ளே வையுங்கள். கண் அதிகம் தங்குவது அங்கேதான்.

உயரம் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. காரணம் இரண்டு. நடப்பவர் நிழல் படத்தில் விழாது, லேசர் ப்ரொஜெக்டரின் லென்ஸுக்குள் யாரும் கிட்டத்தில் நேராகப் பார்க்க நேராது. லென்ஸுக்கு முன்னால் 3 மீட்டர் வரை கயிறு கட்டி ஆள் போகாமல் மறித்துவிடுங்கள். குழந்தைகள் வரும் இடம் என்றால் அங்கே ஒருவரை நிறுத்துங்கள்.

சாரத்தின் நான்கு காலிலும் காலுக்கொரு மணல் மூட்டை. மேலே ஏறி நின்று லேப்டாப் இயக்கக் கூடாது. ஒரு ஆள் நகர்ந்தால் 24 மீட்டர் தள்ளி மரத்தில் படம் அரை அடி குதிக்கும்.

படத்தை நேராக்க லென்ஸ் ஷிஃப்டையே பயன்படுத்துங்கள். கீஸ்டோன் என்பது கோணலைச் சரிசெய்யப் பிக்சல்களைத் தின்றுவிட்டுப் படத்தைச் சுருக்கும் வேலை. ஆட்டோ கீஸ்டோனை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். சாரம் லேசாக ஆடினாலே அது நடு நிகழ்ச்சியில் படத்தைத் திருத்தப் பார்க்கும்.

6. மின்சாரம்

ப்ரொஜெக்டர் 350 முதல் 450 வாட், லேப்டாப் 100, ஒலி 100, ரவுட்டர் முதலானவை 20. மொத்தம் 700 வாட்டுக்குள் அடங்கும். 230 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர். சுமை சின்னதுதான், ஆபத்து ஈரத்தில் இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் தோட்டத்தில் ஒரு பிளக்கும் செருகாதீர்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டே வேலை தொடங்குங்கள். எர்த் உண்டா என்று எலெக்ட்ரீஷியனை விட்டு அந்த பாயின்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

கேபிள் உருளையை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். பாதி சுற்றியபடியே விட்டால் உள்சுற்றுகளின் சூடு வெளியேறாமல் உறை இளகும். இணைப்புகளைத் தரையில் போடாமல் ஒரு செங்கல் மேல் தூக்கி வைத்து, மேலே கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவால் மூடுங்கள். நடைபாதையைக் கடக்கும் இடத்தில் ரப்பர் கேபிள் ரேம்ப் போடுங்கள்.

யுபிஎஸ் எதற்கு என்றால், கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தப் பத்து நொடிக்காக. அது இல்லாவிட்டால் ப்ரொஜெக்டரும் லேப்டாப்பும் சென்சாரும் தனித்தனியே விழித்தெழ, எல்லாம் மறுபடி சேர ஐந்து நிமிடம் பிடிக்கும்.

7. பெட்டி: மழை, பனி, ஈசல்

ப்ரொஜெக்டரைத் தார்ப்பாயில் பொதிந்து கட்டுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பத்து நிமிடத்தில் சூடேறித் தானே அணைந்துவிடும். பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்யுங்கள். எல்லாப் பக்கமும் 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி, பின்பக்கம் சரிந்த கூரை, லென்ஸ் பக்கம் கூரை 30 சென்டிமீட்டர் முன்னால் நீண்டிருக்கட்டும். காற்றை இழுக்கும் பக்கத்துக்கும் சூடாக வெளியேற்றும் பக்கத்துக்கும் நடுவே ஒரு தடுப்புப் பலகை வையுங்கள். அது இல்லாவிட்டால் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொள்ளும்.

முன்னால் கண்ணாடியோ அக்ரிலிக்கோ வைக்காமல் திறந்தே விடுவது நல்லது. ஷீட் வைத்தால் வெளிச்சம் குறைவதோடு, உள்ளே திரும்பும் பிரதிபலிப்பு படத்தின் மேல் பேய் உருவமாக விழும்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் பனி இறங்கும். அணைத்து வைத்த லென்ஸ் குளிர்ந்தால் ஈரம் படியும். நிகழ்ச்சிகளுக்கு நடுவே அணைக்காமல், ப்ரொஜெக்டரின் ஷட்டரை (ஒளியை மறைக்கும் உள்மூடி) மட்டும் மூடி ஓடவிடுங்கள். எரியும் ப்ரொஜெக்டரின் லென்ஸ் மேல் மூடியைச் செருகாதீர்கள்; மூடி உருகிவிடும்.

மழை விட்ட மாலைகளில் ஈசல் வரும். வெளிச்சத்தைத் தேடி நேராக லென்ஸுக்கு வந்து, இறகை உதிர்த்துவிட்டு உள்ளே புகும். ஃபில்டரில் இறகு அப்பிக்கொண்டால் காற்றுத் தடைபட்டு மெஷின் சூடேறும். காற்றை இழுக்கும் பக்கத்தில் நைலான் கொசுவலையை நேராக ஒட்டாமல், 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கூடை வடிவில் கட்டுங்கள். வலையின் பரப்பு கூடுவதால் காற்றோட்டம் குறையாது. ஈசல் கிளம்பிவிட்டால் ஷட்டரை மூடி, 20 மீட்டர் தள்ளி ஒரு வெள்ளை பல்பை எரியவிட்டு அரைமணி நேரம் பொறுங்கள். பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

8. கேபிளும் லேப்டாப்பும்

சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்கு மேல் நம்பத் தகுந்ததல்ல. அதைத் தாண்டினால் ஃபைபர் எச்டிஎம்ஐ, அல்லது கேட்6 நெட்வொர்க் கேபிள் வழியாகப் போகும் எச்டிபேஸ்டி எக்ஸ்டெண்டர். ஃபைபர் கேபிளுக்குத் திசை உண்டு. "சோர்ஸ்" என்று எழுதிய முனை லேப்டாப்பில் வர வேண்டும். மரத்தடியில் 40 மீட்டர் இழுத்த பிறகு இதைக் கண்டுபிடித்துத் தவிப்பவர்கள் நிறைய.

லேப்டாப்பில் டிஸ்ப்ளேயை எக்ஸ்டெண்டில் வையுங்கள். நோட்டிஃபிகேஷன், அப்டேட், ஸ்லீப் எல்லாவற்றையும் அணையுங்கள். நைட் லைட் வசதியையும் மறக்காமல் அணையுங்கள். சூரியன் மறைந்ததும் திரையை மஞ்சளாக்கும் வசதி அது. உங்கள் நிகழ்ச்சி தொடங்குவதும் அதே நேரத்தில்தான். ப்ரொஜெக்டரின் மெனுவில் சிக்னல் இல்லாதபோது வரும் நீலத் திரையைக் கறுப்பாக மாற்றுங்கள். கேபிள் ஒரு நொடி கழன்றால் மரம் முழுக்க நீலமாகப் பளீரிடாது. உயரமான ஊர்களுக்கான ஹை ஆல்டிட்யூட் மோடு பெரும்பாலான மாடல்களுக்கு இங்கே தேவையில்லை. பெங்களூர் சுமார் 920 மீட்டர்தான். அதைப் போட்டால் விசிறி இரைச்சல்தான் கூடும்.

9. மாஸ்க் வரைதல்

மரத்தின் உருவத்துக்கு வெளியே ஒளி போகாமல் மறைப்பதுதான் மாஸ்க். இதை இரவில், மரத்தின் எதிரே நின்று, ப்ரொஜெக்டர் வழியாகவே வரையுங்கள். ரெசொல்யூம் அரீனா, மேட்மேப்பர், டச்டிசைனர் என்ற மென்பொருள்களில் எதில் செய்தாலும் முறை ஒன்றுதான். முழுத் திரையும் வெள்ளையாக்கி, தழையின் ஓரத்தை ஒட்டிப் புள்ளிகளை வைத்துக்கொண்டே போங்கள். ஒருவர் லேப்டாப்பில் இருக்க, இன்னொருவர் மரத்தருகே நின்று, ஒளி எங்கே கசிகிறது என்று போனில் சொல்ல வேண்டும்.

இலை இலையாக வரையாதீர்கள். காற்றில் கிளை இரண்டு அடி நகரும் இடத்தில் துல்லியக் கோட்டுக்கு மதிப்பில்லை. 30 முதல் 40 புள்ளி போதும். ஓரத்தை 30 சென்டிமீட்டர் அளவுக்கு மங்கலாகத் தேயவிடுங்கள். கிளை ஆடினாலும் ஓரம் வெட்டுப்பட்டதுபோல் தெரியாது. அடிமரம் மட்டும் நகராது என்பதால் அதற்குத் தனியாக, கூர்மையான மாஸ்க்.

முடித்ததும் சாரத்தின் கால்களைத் தரையில் சுண்ணாம்பால் குறித்து, ஜூம், ஷிஃப்ட், ஃபோகஸ் நிலைகளைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

10. இப்போதுதான் படம்

6 மீட்டர் அகலத்தில் 1,920 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 3 மில்லிமீட்டர். ஆனால் உங்கள் திரையின் உண்மையான பிக்சல் இலைதான். மாவிலை ஒரு சாண் நீளம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் நிற்கிறது. இலையைவிடச் சிறிய நுணுக்கம் எதுவும் தெரியாது. அதனால் கோட்டின் தடிமன் 15 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம், அதாவது 50 பிக்சல். எழுத்து படிக்க வராது. முகம் தெரிய வேண்டுமானால் மூன்று மீட்டராவது வேண்டும். இரு கண்ணும் வாயும் மட்டுமே தேறும்.

டச்டிசைனரின் இலவசப் பதிப்பில் படம் 1,280க்கு 1,280 பிக்சலைத் தாண்டாது. அதைக் கேட்டுப் பலர் தயங்குகிறார்கள். மரத்துக்கு அதுவே தாராளம். பணம் வாங்கிச் செய்யும் நிகழ்ச்சிக்கு மட்டும் உரிமம் வாங்கியாக வேண்டும்.

நிறத்துக்கு நான்காம் பகுதியின் எண்களைப் பாருங்கள். மஞ்சள், பச்சை, வெள்ளை இவை இலையில் எழும். தூய சிவப்பு கருஞ்செம்மையாக அமுங்கும், நீலம் இன்னும் ஆழத்துக்குப் போகும். சிவப்பு வேண்டும் என்றால் அதில் கொஞ்சம் மஞ்சள் கலந்து ஆரஞ்சுப் பக்கம் கொண்டுவாருங்கள், அல்லது பட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்டையிலும் சருகிலும் சிவப்பு அழகாக நிற்கும்.

வேகத்தையும் குறைக்க வேண்டும். இலைகள் தாமாகவே ஆடிக்கொண்டிருக்கும்போது படமும் வேகமாக ஓடினால் கண்ணுக்கு வெறும் மினுமினுப்புதான் மிஞ்சும். தழையின் அடியிலிருந்து உச்சிக்கு ஓர் ஒளி அலை ஏற 8 முதல் 10 விநாடி எடுக்கட்டும். வேரிலிருந்து நீர் ஏறுவதைக் காட்டும் மெல்லிய ஏற்றம், மேகநிழல் கடப்பது, உள்ளிருந்து மூச்சு விடுவதுபோல் நடுத்தழை கூடிக் குறைவது, இவை மரத்தோடு ஒட்டும். கேமராவில் எடுத்த காட்டுக் காட்சியை அப்படியே மரத்தில் போட்டால் ஒன்றும் புரியாது. பச்சை மேல் பச்சை.

முழுக் கறுப்புக்கு இடம் கொடுங்கள். 10 நிமிடப் படம், 2 நிமிட இருட்டு. அந்த இரண்டு நிமிடத்தில் பார்ப்பவர் கண் இருட்டுக்குப் பழகி, அடுத்த சுற்று இன்னும் பிரகாசமாகத் தெரியும். மரத்தில் இருக்கும் உயிர்களுக்கும் அது ஓய்வு. முன்பே செய்த வீடியோ என்றால் எச்.264இல் ஓட்டாமல் ஹேப் அல்லது டிஎக்ஸ்வி கோடெக்கில் மாற்றுங்கள். ஃபைல் பெரிதாகும், ஆனால் பல லேயர் ஓடும்போது திக்காது.

11. மரத்தின் தகவலைப் படத்தோடு இணைத்தல்

மண் ஈரத்துக்கு இரண்டு கம்பி நீட்டிய மலிவு சென்சாரை வாங்காதீர்கள். அதில் மின்சாரம் நேராக மண்ணில் பாய்வதால் சில நாளிலேயே முனை அரித்துப்போகும். கெபாசிட்டிவ் வகையே வேண்டும். அதன் பலகையில் ஒரு கோடு போட்டிருக்கும். அதற்கு மேல் மண் ஏறக் கூடாது. பலகையின் வெட்டு ஓரத்தில் ஈரம் ஊறும் என்பதால் நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு பூசிக் காயவிடுங்கள்.

இஎஸ்பி32இல் இந்த வயரை 32 முதல் 39 வரையிலான பின்களில் ஒன்றில் மாட்டுங்கள். வைஃபை ஓடும்போது ஏடிசி2 எனப்படும் மற்ற அளவீட்டுப் பின்களில் அளவு எடுக்க முடியாது. "வீட்டில் வேலை செய்தது, வைஃபை போட்டதும் நின்றுவிட்டது" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அளவீடு சென்சாருக்குச் சென்சார் மாறும். காற்றில் பிடித்து ஓர் எண், தண்ணீர்க் குவளையில் முக்கி ஓர் எண் எழுதிக்கொள்ளுங்கள். காய்ந்தால் எண் கூடும், ஈரமானால் குறையும். அந்த இரண்டுக்கும் நடுவே 0 முதல் 1 வரை பிரித்துக்கொள்ளுங்கள். ஈரம் மணிக்கணக்கில் மாறும் விஷயம். அதைக் கொண்டு படத்தின் மொத்த நிறத்தையோ ஏற்றத்தின் வேகத்தையோ நிர்ணயிக்கலாம். ஒரு குழந்தை ஒரு குவளை தண்ணீர் ஊற்றிய சில நொடியில் ஒளி வேரிலிருந்து ஏறத் தொடங்கினால், விளக்கப் பலகையே தேவைப்படாது.

கண நேர அசைவுக்கு எம்பியு6050. ஒரு சின்ன மூடிய டப்பாவில் இஎஸ்பி32ஐயும் பவர் பேங்கையும் அதனோடு சேர்த்தே வைத்து, கைக்கு எட்டும் கிளையில் பருத்தித் துணிப் பட்டையால் கட்டுங்கள். இந்த சென்சாரின் வயர் ஒரு மீட்டருக்கு மேல் நீண்டால் தகவல் குழம்பும். மிகச் சன்னமான கிளை எப்போதும் துள்ளும், தடித்த கிளை அசையாது. கட்டைவிரல் தடிமனுக்கு இருமடங்கு இருந்தால் சரி. விநாடிக்கு 20 முதல் 30 அளவு போதும்.

தகவலை ஓஎஸ்சி (நெட்வொர்க்கில் எண்களை அனுப்பும் முறை) ஆக அனுப்பி, டச்டிசைனரில் ஓஎஸ்சி இன், லாக் (Lag, எண்ணின் துள்ளலைத் தணிப்பது), மேத் என்ற வரிசையில் இணையுங்கள். லாக் இல்லாமல் நேரே இணைத்தால் படம் நடுங்கும். வைஃபைக்கு உங்கள் சொந்த ரவுட்டரே வேண்டும். இஎஸ்பி32 பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், எண்பது போன்கள் கூடும் இடத்தில் அந்த அலைவரிசை நெரிசலாகிவிடும். லேப்டாப்பை ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைத்துவிட்டால் பாதிச் சுமை குறையும்.

முதல் நாள் மாலை முழுவதும் தகவலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐந்து விநாடி வரை புதிய எண் வராவிட்டால் படம் அந்தப் பதிவுக்குத் தானாக மாறும்படி அமையுங்கள். பவர் பேங்க் தீர்ந்தாலும் மரம் உறைந்துபோய் நிற்காது. சில பவர் பேங்குகள் சுமை குறைவாக இருந்தால் தாமே அணைந்துவிடும். இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே கிளையில் ஏற்றுங்கள்.

இலையில் எலெக்ட்ரோடு ஒட்டி "செடியின் குரலை" எடுப்பதாகச் சொல்லும் கருவிகளைத் திறந்தவெளியில் நம்ப வேண்டாம். பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதில் ஏறிக்கொள்ளும். பார்ப்பவர்களிடம் மரம் பேசுகிறது என்று சொல்லிவிட்டு மின்கம்பியைக் காட்டுவது முறையல்ல.

12. நிகழ்ச்சி நாள்

மதியம் 3 மணிக்கு மின்சாரம், 4 மணிக்கு சாரமும் பெட்டியும், 5.30க்கு சென்சார். 6.30க்கு மாஸ்க்கைச் சரிபாருங்கள். வானம் முழுதாக இருட்டியிருக்காது, ஓரங்கள் தெரிய அந்த நேரம் வசதி. 7 மணிக்கு முழு ஒத்திகை, 7.30க்குத் தொடக்கம், 9.30க்கு நிறுத்தம்.

பார்ப்பவர்களை ப்ரொஜெக்டருக்குப் பக்கத்திலும் பின்னாலும் நிறுத்துங்கள். லென்ஸின் கோட்டிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகினால் உருவம் உடையும். போனில் படம் பிடிப்பவர்களிடம் போன் கேமராவின் ஷட்டர் வேகத்தை மெதுவாக்கிப் பூட்டச் சொல்லுங்கள், கோடு விழுவது குறையும்.

படம் வராவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்: ஷட்டர் மூடியிருக்கிறதா, இன்புட் சரியா, கேபிளின் திசை, லேப்டாப்பில் இரண்டாம் டிஸ்ப்ளே. படம் திடீரென்று மங்கினால் முதலில் லென்ஸின் பனியைத் துடைத்துவிட்டு, பிறகு ஃபில்டரைப் பாருங்கள். சூடேறினால் பல மெஷின்கள் தாமே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். ஆர்சிசிபி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டி, எதில் விழுகிறதோ அந்த இணைப்பை வெளியே எடுங்கள்.

முடிந்ததும் முதலில் கிளையிலிருக்கும் துணிப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். கேபிளும் சாரமும் காலை வரை கிடக்கலாம், கட்டிய கட்டு கிளையில் தங்கக் கூடாது. மண்ணிலிருந்து சென்சாரை எடுத்த குழியை விரலால் மூடி, மீதமிருக்கும் தண்ணீரை அங்கேயே ஊற்றிவிட்டு வாருங்கள்.